சோப்பு மேசையில் இருக்கும் அந்த வெள்ளை டப்பா: கடலோர மகளிர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று ராமநாதபுரம் கரை நெடுக சோப்பும் தைலமும் முகப்பூச்சும் செய்து விற்கிற மகளிர் சுய உதவிக் குழு அக்காமார், மதினிமார், லாத்தாமார் எல்லோருக்கும் வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற மருந்தாளுநர். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி இந்தக் கரையோர ஊர்களில் மருந்து எடுத்துக் கொடுப்பதில் போனது. உங்களில் பலருக்கு என்னை முகம் தெரியும். உங்கள் சோப்பைத்தான் வீட்டில் போடுகிறேன், வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கும் அதைத்தான் வாங்கிக்கொண்டு போகிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன். குறை சொல்வதற்காகவே எழுதுகிறாள் என்று நினைக்க வேண்டாம். குறையும் கொஞ்சம் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை.

ராமேஸ்வரத்தில் கோயிலுக்குப் போகும் தெருவிலும் கண்காட்சி அரங்குகளிலும் உங்கள் மேசைகளைப் பார்க்கிறேன். தேங்காய் எண்ணெய் சோப்பு, கடற்பாசி சோப்பு, கரி சோப்பு, நலங்கு மாவு, கற்றாழை ஜெல் என்று வரிசையாக அடுக்கியிருக்கிறீர்கள். எல்லா மேசையிலும் இல்லை, சில மேசைகளில் மட்டும், இவற்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. லேபிளே இல்லாத, அல்லது நம் யாருக்கும் வாசிக்கத் தெரியாத மொழியில் லேபிள் ஒட்டிய சின்ன வெள்ளை டப்பா. கேட்டால், "மூலிகை கிரீம், ஒரே வாரத்தில் நிறம் வரும்" என்கிறீர்கள். அது நீங்கள் செய்தது இல்லை. கூரியரில் வருகிறது, இல்லாவிட்டால் லீவில் வருகிறவர்கள் பெட்டியில் வருகிறது. சோப்பைவிட அதில்தான் லாபம் என்று ஒரு மதினி ஒளிக்காமல் சொன்னார். முதலில் அந்த டப்பாவைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

ஒரே வாரத்தில் நிறத்தை மாற்றும் மூலிகை எதுவும் கிடையாது. மஞ்சளோ, அதிமதுரமோ, பப்பாளியோ, கஸ்தூரி மஞ்சளோ அந்த வேகத்தில் வேலை செய்யாது. அவ்வளவு சீக்கிரம் முகம் வெளுக்கிறது என்றால் உள்ளே பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும்: பாதரசம் அல்லது ஸ்டீராய்டு.

பாதரசம் எப்படி வெளுக்க வைக்கிறது? நம் தோலுக்குக் கறுப்பு நிறம் தருவது மெலனின். அது உருவாக டைரோசினேஸ் என்ற என்சைம் வேண்டும். பாதரச உப்பு அந்த என்சைமை முடக்கிவிடும். மெலனின் குறையும், தோல் வெளுக்கும், கண்ணாடியில் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் பூசிய பாதரசம் தோலோடு நிற்பதில்லை. உள்ளே இறங்கி ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்ச் சேர்கிறது.

கேரளத்தில், மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் இருக்கும் சிறுநீரக மருத்துவர்கள் இதைக் கண்டுபிடித்த விதத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, சிறுநீரில் புரதம் ஒழுகும் 'மெம்பரனஸ் நெஃப்ரோபதி' என்ற நோயோடு 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது 'நெல்-1' என்ற, அவ்வளவாகப் பார்க்கக் கிடைக்காத வகை. இத்தனை பேருக்கு இது எப்படி வந்தது என்று துருவித் துருவி விசாரித்ததில், அந்த 15 பேரில் 13 பேர் நிறம் கூட்டும் கிரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது. கிரீமை நிறுத்திய பிறகு பெரும்பாலானவர்களுக்கு நோய் இறங்கியது. அதற்கு முன்பே, 2022ல், தமிழ்நாட்டு மருத்துவர்களும் இதே வகை நோயை நாட்டு மருந்து சாப்பிட்டவர்களிடம் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அங்கேயும் சந்தேகம் பாதரசத்தின் மேல்தான் விழுந்தது.

எனவே அந்த கிரீம் பூசுகிற பெண் யாராவது, காலையில் எழும்போது முகம் உப்பியிருக்கிறது, சாயங்காலம் கணுக்கால் வீங்குகிறது, ஒன்றுக்குப் போனால் நுரை நிற்கிறது என்று சொன்னால், அதை உப்பு அதிகம் சாப்பிட்டதால் வந்தது என்று தள்ளிவிடாதீர்கள். அவளைச் சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். எந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சிறுநீரில் புரதம் பார்ப்பார்கள். கிரீம் பூசுவதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். நம் பெண்கள் மாத்திரை பெயரைச் சொல்வார்கள், முகத்தில் பூசுவதைச் சொல்ல மாட்டார்கள். அது மருந்துக் கணக்கில் வராது என்று ஒரு நினைப்பு.

பூசுகிறவளோடு இது நிற்பதும் இல்லை. அதே துண்டு, அதே தலையணை, மடியில் தவழும் பிள்ளை. கிரீம் பூசாத குழந்தைகளின் உடம்பிலும் வீட்டில் மற்றவர் பூசிய பாதரசம் போய்ச் சேர்ந்திருப்பதை வெளிநாடுகளில் பரிசோதித்துக் கண்டிருக்கிறார்கள்.

இந்தியாவில் 2020ம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி, கண்ணுக்குப் போடும் பொருள்களைத் தவிர மற்ற எதிலும் தெரியாமல் கலந்துவிட்ட பாதரசம்கூட 10 லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக் கூடாது. வெளுக்க வைக்கும் டப்பாக்களில் ஆயிரக்கணக்கான பங்கு இருந்ததாகப் பல நாடுகளின் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. உங்கள் கையில் இருப்பதில் எவ்வளவு என்று பார்த்தோ மோந்தோ சொல்ல முடியாது. ஆய்வகம்தான் சொல்லும். ஆனால் ஒரு அடையாளம் இருக்கிறது. "வெள்ளி, தங்கம், அலுமினியம், ரப்பர் எதிலும் படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று டப்பாவில் எழுதியிருந்தால், அல்லது கொடுத்தவர் வாயால் அப்படிச் சொல்லியிருந்தால், அது பாதரசமாக இருக்க வாய்ப்பு அதிகம். பாதரசம் நகையைக் கெடுக்கும் என்று செய்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. நகைக்குச் சொன்ன எச்சரிக்கையை நம் முகத்துக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று ஸ்டீராய்டு. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று பெயர்கள் இருக்கும், அல்லது பெயரே இருக்காது. மருத்துவர் சொல்லி, சொன்ன இடத்தில், சொன்ன நாள் வரைக்கும் போட்டால் அது நல்ல மருந்து. மாதக்கணக்காக முகத்தில் போட்டால் தோல் தாள் மாதிரி மெலிந்துவிடும். கன்னத்தில் சிவப்பு நரம்பு தெரியும், பரு வரும், முடி வளரும். நிறுத்தினால் எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே பூசுவார்கள். உடம்பு முழுக்கப் பூசினால் உள்ளுக்குள் சுரக்க வேண்டிய ஹார்மோன் சுரப்பே படுத்துவிடும்.

இதில் நம் கரைக்கென்று ஒரு கூடுதல் கொடுமை. பாசி எடுக்கப் போகிறவர்களும் கருவாடு காயப்போடுகிறவர்களும் நாள் முழுக்க வெயிலில் நிற்கிறார்கள். வெயிலிலிருந்து அவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அதே மெலனின்தான். ராத்திரி அதை அழித்துவிட்டு, பொழுது விடியும்போது கடலில் இறங்குகிறார்கள்.

சரி, இருக்கிற டப்பாக்களை என்ன செய்வது? தயவுசெய்து கடலில் வீசிவிடாதீர்கள், கொல்லையில் கொட்டவும் வேண்டாம். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013ல் உலக நாடுகள் போட்ட ஒப்பந்தத்துக்கு மினமாட்டா என்று பெயர். அது ஜப்பானில் ஒரு கடலோர ஊர். ஆலைக் கழிவில் வந்த பாதரசம் கடலில் கலந்து, மீனில் ஏறி, அந்த மீனைத் தின்ற மீனவக் குடும்பங்களுக்கு நரம்பு போயிற்று. வயிற்றிலிருந்த பிள்ளைகளும் தப்பவில்லை. நாமும் மீன் தின்று வாழ்கிறவர்கள். டப்பாவை மூடி, பிளாஸ்டிக் பையில் கட்டி, மாவட்டத்தில் இருக்கும் மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். யாரிடம் வாங்கினோம் என்று சொல்ல பயமாக இருந்தால், குழுக் கூட்டமைப்பின் பெயரில் ஒரு கடிதம் வைத்துச் சேர்ந்து கொடுங்கள்.

இனி நீங்களே செய்கிற பொருள்களுக்கு வருகிறேன். இதைப் பேசத்தான் எனக்குப் பிரியம்.

உங்கள் தேங்காய் எண்ணெய் சோப்பு நல்ல பொருள். நம் தண்ணீருக்கு ஏற்றது அதுதான். இந்தக் கரையில் கிணற்றுத் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருப்பதால் கடைச் சோப்பு பல நுரைக்காமல் திரிதிரியாகத் திரண்டு நிற்கும். தேங்காய் எண்ணெயில் இருக்கும் லாரிக் அமிலத்தின் சோப்பு உப்புத் தண்ணீரிலும் கரைந்து நுரை கொடுக்கும். அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் கடல் தண்ணீரில் குளிக்கத் தேங்காய் எண்ணெய் சோப்பைத்தான் கொண்டுபோனார்கள். பட்டணத்துக் கம்பெனி உங்களோடு போட்டிக்கு நிற்க முடியாத இடம் இது. ஆனால் உங்கள் அட்டையில் இந்த விஷயம் ஒரு வரிகூட இல்லை. அதற்குப் பதிலாக "கெமிக்கல் இல்லாதது" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்பு ஏது? எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்ந்தால்தான் சோப்பும் கிளிசரினும் கிடைக்கும். அளவு சரியாக இருந்தால் கடைசியில் காஸ்டிக் மிஞ்சாது. அதைச் சொல்வதில் என்ன வெட்கம்?

அளவு சரியாக இருந்தால் என்றேன். அதில்தான் எனக்குக் கவலை. 1 கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதையும் சோப்பாக்க சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா பிடிக்கும். 5 சதவீத எண்ணெய் சோப்பாகாமல் தோலுக்கு மிஞ்சட்டும் என்றால் 174 கிராம் போடலாம். தேங்காய் எண்ணெய் விலை ஏறும்போது சில குழுக்கள் வேறு எண்ணெய் கலக்கிறீர்கள். கலக்கலாம், தப்பில்லை. ஆனால் நல்லெண்ணெய்க்குக் கிலோவுக்கு 134 கிராம் அளவில்தான் காஸ்டிக் வேண்டும், விளக்கெண்ணெய்க்கு அதைவிடவும் குறைவு. எண்ணெயை மாற்றிவிட்டு காஸ்டிக்கைப் பழைய அளவிலேயே போட்டால் மிஞ்சிய காஸ்டிக் கட்டியிலேயே நிற்கும். குளித்தால் அரிக்கும், எரியும். வாங்கினவர் "எனக்கு இயற்கைப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார், உங்களுக்குக் காரணமே தெரியாது. கிராம் கணக்கில் காட்டும் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். டம்ளர் கணக்கு வேண்டாம்.

காஸ்டிக்கைத் தண்ணீரில் போடுங்கள், தண்ணீரைக் காஸ்டிக்கில் ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். அலுமினியச் சட்டி கூடவே கூடாது, காஸ்டிக் அதை அரித்து, தீப்பிடிக்கிற ஹைட்ரஜன் வாயு வரும். எவர்சில்வர் அல்லது கெட்டி பிளாஸ்டிக் பாத்திரம் போதும். கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள். கடலுக்குள் பாசி எடுக்கக் கண்ணாடி போட்டுப் பழகியவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டியை நான்கு முதல் ஆறு வாரம் ஆறவிடுங்கள். திருவிழா வருகிறது என்று பத்து நாளில் எடுத்து விற்க வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் மட்டுமே போட்ட சோப்பு சிலருக்குத் தோலை வறட்டிவிடும். அழுக்கை அவ்வளவு நன்றாக எடுக்கிற சோப்பு தோலின் எண்ணெயையும் எடுத்துவிடுகிறது. உங்கள் குற்றம் இல்லை. நன்றாக ஆறிய சோப்புக்கும், புளிப்பா காரமா என்று காட்டும் pH அளவு 9, 10 என்று காரப் பக்கமே இருக்கும், நம் தோலோ 5ஐ ஒட்டிய லேசான புளிப்பு. குளித்து முடித்து, ஈரம் காய்வதற்குள் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லி அட்டையில் எழுதுங்கள். வறட்சித் தோல் நோய் இருக்கும் பிள்ளைகளுக்குச் சுத்தமான தேங்காய் எண்ணெய் நல்லது செய்வதாகப் பிலிப்பைன்ஸில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். பருவுள்ள முகத்துக்கு அது ஆகாது. வெயிலையும் அது தடுக்காது. வெயிலுக்குத் தொப்பி, முழுக்கைச் சட்டை, முகத்தைச் சுற்றிய துணி என்று நீங்கள் ஏற்கெனவே செய்வதுதான் சரி. துத்தநாக ஆக்சைடு பொடியை எண்ணெயில் குழைத்து 'சன் கிரீம்' என்று விற்க யாராவது பயிற்சி கொடுத்தால் மறுத்துவிடுங்கள். அது எவ்வளவு தடுக்கிறது என்று சோதிக்காமல் விற்கக் கூடாது.

எனக்கு நிஜமாகவே பயம் தருவது கற்றாழை ஜெல்லும் அரிசித் தண்ணீரும் பன்னீரும்தான். எண்ணெயும் மெழுகும் மட்டும் சேர்ந்த தைலத்தில் கிருமி வளராது, நாளானால் சிக்கு வாடை அடிக்கும், அவ்வளவுதான். தண்ணீர் சேர்ந்த பொருள் வேறு. மீன்குழம்பு மறுநாள் ருசி கூடும், கற்றாழைக் கூழ் மறுநாள் கெட ஆரம்பிக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் மேசை மேல் வெயில் படும்படி வைத்த ஜெல்லில் என்னென்ன வளரும் என்று யோசித்துப் பாருங்கள். சூடோமோனாஸ் மாதிரி கிருமிகளுக்கு அது சாப்பாடு. அவை வளர்ந்தாலும் நிறமோ வாசனையோ மாற வேண்டிய அவசியம் இல்லை. வெட்டுக்காயம் உள்ள கையிலோ கண்ணிலோ பட்டால் வினை. பாசி எடுக்கிறவர்களுக்குப் பாறையில் கீறாத விரல் உண்டா?

இதற்கு இரண்டே வழி. அனுமதிக்கப்பட்ட பதப்படுத்தும் பொருளை, பயிற்சி பெற்றவரிடம் கேட்டு, சொன்ன அளவில் சேர்ப்பது. அல்லது ஜெல்லை விட்டுவிட்டுத் தைலமும் சோப்பும் பொடியும் மட்டும் செய்வது. வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றினால் கெடாது என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது எண்ணெய் சிக்கு அடிப்பதைத் தள்ளிப்போடும், கிருமியைத் தடுக்காது. என்னைக் கேட்டால், ஜெல்லை விட்டுவிடுங்கள். கற்றாழை எல்லார் வீட்டுக் கொல்லையிலும் இருக்கிறது. வெட்டி, மடலில் வடிகிற மஞ்சள் பாலைக் கழுவிவிட்டு, அன்றன்றைக்குப் பூசிக்கொள்ளட்டும். அந்த மஞ்சள் பால்தான் பலருக்கு அரிப்பைத் தருகிறது.

பாசி சோப்பு பற்றி நிறையப் பேர் ஆசையோடு கேட்கிறீர்கள். நம் பெண்கள் தீவுப் பக்கம் போய் மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் கட்டக்கோரையும் எடுத்து வந்தது ஒரு காலம். பிறகு மூங்கில் மிதவை கட்டி 45 நாளில் அறுக்கிற கப்பாபைகஸ் என்ற பாசி வந்தது, அந்தக் குளிர்பானக் கம்பெனி கொண்டுவந்ததால் இன்றும் அதற்குப் பெப்சி பாசி என்றுதான் பெயர். அதிலிருந்து எடுக்கும் கராஜீனன் பற்பசையிலும் லோஷனிலும் போகிறது. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, பொருளைக் கெட்டியாக்கி, தோலில் மெல்லிய படலமாக நிற்பது அதன் வேலை. லோஷனில் அது உதவும். சோப்பில் போட்டால் கொஞ்சம் வழவழப்பு கிடைக்கும், மீதி தண்ணீரோடு போய்விடும். இதற்கு மேல் "முதுமை போகும்", "தைராய்டு சரியாகும்", "நச்சு வெளியேறும்" என்று அட்டையில் எழுதியிருப்பதை அழித்துவிடுங்கள். 'மன்னார் வளைகுடாப் பெண்கள் வளர்த்த பாசி' என்று எழுதுங்கள், அது நிஜம், அதுவே விற்கும். கட்டக்கோரை மாதிரிப் பழுப்புப் பாசிகள் கடல்நீரில் இருக்கும் ஆர்சனிக் என்ற நச்சை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் வகை. அதைப் பொடியாக்கி முகத்தில் ஊறவிடும் பூச்சாகவோ, குடிக்கும் கஷாயமாகவோ விற்க நினைத்தால் ஆய்வகச் சோதனை இல்லாமல் வேண்டாம். மண்டபத்திலேயே கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும் கடற்பாசி ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. பாசி பற்றி யாரைக் கேட்கலாம் என்று அங்கே போனால் வழி சொல்வார்கள்.

கடல் அட்டையில் சோப்பு செய்யலாம், மலேசியாவில் செய்கிறார்கள் என்று யாராவது ஆசை காட்டினால் காதில் வாங்காதீர்கள். 2001 முதல் நம் நாட்டில் கடல் அட்டையைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். பவளப்பாறைத் தூளை முகம் தேய்க்கும் பொடியில் போடுவதும் அப்படித்தான். ஆமை எண்ணெய், ஆவுளியா (கடல்பசு) எண்ணெய் என்று பழைய ஆட்கள் சொல்வதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரி சோப்புக்கு நான் எதிரி இல்லை. நம் மாவட்டம் முழுக்கக் கருவேலங்கரி மூட்டம். ஆனால் மூட்டக்கரியும் மருந்துக்குப் பயன்படும் 'ஆக்டிவேட்டட்' கரியும் ஒன்றல்ல. ஆக்டிவேட்டட் கரியைக் கடும் சூட்டில் நீராவியோ ரசாயனமோ விட்டுக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டாக்கித் தயாரிக்கிறார்கள். அரை நிமிடத்தில் கழுவிவிடும் சோப்பில் அதுவும் பெரிதாக ஒன்றும் உறிஞ்சாது. கறுப்பாக, அழகாக இருக்கிறது, வாங்குகிறார்கள், விற்றுக்கொள்ளுங்கள். நைசாகச் சலித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் முகத்தைக் கீறும்.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன். கைக்குழந்தையின் தோல் மெல்லியது. எடைக்கு அதன் தோல் பரப்பும் பெரியவர்களைவிட அதிகம், ஆகவே பூசியது உள்ளே போவதும் அதிகம். சளிக்கென்று கற்பூரம், யூக்கலிப்டஸ் சேர்த்த தைலத்தை இரண்டு வயதுக்குள் மார்பிலும் மூக்கருகிலும் தடவக் கூடாது. கற்பூரம் வலிப்பை வரவழைக்கும், தோல் வழியாகவும் வரவழைத்திருக்கிறது. வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுத்து மூளை பாதித்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. பாட்டி வைத்தியம் என்று சொல்லி வாங்குவார்கள், நீங்கள் கொடுக்காதீர்கள். 'பேபி ஆயில்' என்றால் வாசனை எண்ணெய் எதுவும் சேர்க்காத வெறும் தேங்காய் எண்ணெய் போதும்.

கீழக்கரை, ஏர்வாடி, தொண்டிப் பக்கத்து லாத்தாமார்களுக்கு இரண்டு வார்த்தை. பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் அரைத்த மருதாணி வைப்பதில் பயமில்லை. பத்து நிமிடத்தில் கறுப்பாகப் பிடிக்கிற கோன் மருதாணியில் இருப்பது தலைச்சாயத்துப் பொருளான பிபிடி. தோலில் நேராக வைத்தால் கொப்புளம் வரும், சிலருக்குத் தழும்பு நிற்கும். ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுசுக்கும் தலைக்குச் சாயம் போட முடியாது. சுருமாவும் அப்படித்தான்: கல்லை அரைத்துச் செய்த பழைய வகைச் சுருமா பலதும் ஈயச் சல்பைடு. பிள்ளைகள் கண்ணைக் கசக்கி விரலை வாயில் வைக்கும்போது ஈயம் உள்ளே போகிறது. கண்ணேறு கழிக்கக் கன்னத்தில் வைக்கும் மைக்கும் இது பொருந்தும், அது எந்த வீட்டு வழக்கமானாலும் சரி.

தோலில் பூசுவதெல்லாம் பாதிக்கு மேல் ரத்தத்துக்குப் போகிறது என்று உங்கள் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அது தப்பு. தோல் அவ்வளவு ஓட்டையான சுவர் இல்லை. பெரும்பாலான பொருள்கள் மேலேயே நின்றுவிடும், சில மட்டும் உள்ளே இறங்கும். எந்தச் செடியிலிருந்து வந்தது என்பதைப் பார்த்து தோல் வழிவிடுவதில்லை. கம்பெனிப் பொருளைப் பற்றி மக்களைப் பயமுறுத்தி உங்கள் சோப்பை விற்க வேண்டியதில்லை. எலுமிச்சைச் சாறு இயற்கைதான், அதைப் பூசிக்கொண்டு கடற்கரை வெயிலில் நின்றால் தோல் வெந்து கறுத்துவிடும். முகப்பூச்சில் எலுமிச்சை சேர்க்கிறவர்கள், இரவில் மட்டும் பூசிக் கழுவ வேண்டும் என்று எழுதாமல் விற்காதீர்கள்.

இப்போது அதிகாரிகள் விஷயம். 1940ம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனச் சட்டப்படி விற்பனைக்குச் செய்யும் குளியல் சோப்புக்கும் முகப்பூச்சுக்கும் உற்பத்தி உரிமம் வேண்டும். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதைத் தருகிறது. அடுப்படியில் செய்து உரிமம் வாங்க முடியாது, தனி இடம் வேண்டும், செலவு உண்டு. ஒவ்வொரு குழுவாகச் செய்தால் யாராலும் ஆகாது. பத்துப் பதினைந்து குழுக்கள் சேர்ந்து ஒரு பொதுக் கூடம் வைத்தால் முடியும். மகளிர் திட்ட அலுவலகத்தில் இந்தக் கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: சோப்பு செய்யப் பயிற்சி கொடுத்தீர்களே, உரிமம் வாங்க யார் உதவுவது? பயிற்சிச் சான்றிதழைக் கையில் கொடுத்து புகைப்படம் எடுத்துவிட்டுப் போவதோடு அவர்கள் வேலை முடிந்துவிடக் கூடாது. சித்த மருந்து என்று விற்க நினைத்தால் அதற்கு வேறு உரிமம். "படை போகும், சிரங்கு ஆறும், வெண்படை மறையும்" என்று அட்டையில் போட்டால் உங்கள் சோப்பு மருந்தாகிவிடும், வழக்கும் வரும்.

கூடம் வரும் வரை காத்திராமல் இந்த மாதத்திலிருந்தே ஒன்று செய்யலாம். ஒவ்வொரு அட்டையிலும் உள்ளே போட்ட பொருள் எல்லாவற்றையும் தமிழில் எழுதுங்கள், காஸ்டிக் சோடா உட்பட. செய்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், எந்த வார்ப்பு (ஒரே தடவையில் காய்ச்சி ஊற்றிய தொகுதி), எந்த ஊர்க் குழு, யாரிடம் புகார் சொல்ல வேண்டும் என்பதையும் போடுங்கள். முழங்கையின் உள்பக்கம் ஒரு வாரம் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போகவும் என்று ஒரு வரி சேருங்கள். குழுவில் ஒரு நோட்டுப் போட்டு, அரிப்பு வந்தது, தடித்தது என்று யார் சொன்னாலும் வார்ப்பு எண்ணோடு குறித்து வையுங்கள். மூன்று பேர் ஒரே வார்ப்பைச் சொன்னால் மிச்சத்தை விற்காதீர்கள்.

இதற்கு அட்டை எழுதிக் கொடுக்கவும் காஸ்டிக் கணக்குப் போட்டுக் கொடுக்கவும் நான் வருகிறேன், காசு வேண்டாம். கூட்டமைப்புக் கூட்டம் எந்த ஊரில், எந்தத் தேதியில் என்று சொல்லி அனுப்புங்கள். தராசை மட்டும் வாங்கி வைத்திருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சோப்பு வாடிக்கையாளர்,
உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற மருந்தாளுநர்